உமிழ்நீர்ச் சுரப்பியும் மாறாத எடைக்கல்லும்

ஒரு பொருள் வளர்ந்ததா தேய்ந்ததா என்று சொல்ல வேண்டுமானால், வளராமலும் தேயாமலும் நிற்கும் வேறொரு பொருள் நம் கைவசம் இருத்தல் வேண்டும். தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. கூடையோ சாக்கோ தராசில் ஏறினால் அதன் எடை கழிக்கப்படும். மழைநாளில் இலையோடு ஒட்டிய நீருக்கும் கழிவு உண்டு. அந்தக் கழிவு நியாயமானதா என்பது மலைநாட்டில் நெடுநாளைய வழக்கு. ஆயினும், வழக்காடும் இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: எடைக்கல் மாறக் கூடாது. கல்லுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையை வைத்து நிறுப்பதாக எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் கட்டையும் நீரை உறிஞ்சிக் கனக்கும். அன்று கூடை எத்தனை நிறைந்தாலும் கணக்கில் குறைவாகவே தோன்றும். தராசில் பழுதில்லை, நிறுத்தவரும் பொய்யரல்லர், எடைக்கல்லே கெட்டது.

உமிழ்நீர்ச் சுரப்பியின் வளர்ச்சியையும், பழுதுற்றபின் அது தன்னைச் சீர்செய்துகொள்ளும் முறையையும் ஆராயும் அறிஞர்கள் எதிர்கொள்ளும் சிக்கலும் இத்தகையதே. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

காதின் முன்புறம் ஓரிணை, கீழ்த்தாடையின் கீழ் ஓரிணை, நாக்கின் அடியில் ஓரிணை என மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் நமக்கு உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் ஊறுகின்றது. உணவை நனைப்பது, மாப்பொருளைச் சமிக்கத் தொடங்குவது, பற்களை அமிலத்திலிருந்து காப்பது, நாவுக்குச் சுவையை உணர்த்துவது ஆகிய இத்தனையும் அதன் பணிகள். வாய் வறண்டவருக்கு ஒரு துண்டு ரொட்டியும் கல்லாகும், பேச்சும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வறட்சி நம் மக்களுக்கு அயலான துன்பம் அன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் உள்ளது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், ஏன், பாக்கும்கூட அவ்வாறே செய்யும் என்று 2004இல் அது வெளியிட்ட நூல் உரைக்கின்றது. குளிரிலும் மழையிலும் மலையேறிக் கொழுந்தெடுப்போர் வாயில் வெற்றிலை எத்துணை நெருங்கிய துணை என்பதை நாம் அறிவோம். நோய் கண்டவர் கண்டிக்கோ மகரகமைக்கோ சென்று கதிர்ச் சிகிச்சை பெறுகின்றார். அக்கதிர் புற்றை அழிக்கும்போது அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் வாடிவிடுகின்றது. நோய் நீங்கியும் வாய் வறண்டே கிடப்பவர் பலர். வாடிய சுரப்பியை மீண்டும் தளிர்க்கச் செய்ய இயலுமா என்பதே ஆராய்ச்சியாளரின் கேள்வி.

அக்கேள்விக்கு விடை காணுமுன், மாறாத இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்ற விதியை நன்கு உணர்தல் வேண்டும். அதற்குரிய புகழ்பெற்ற சான்று நம் மலைகளிலேயே உள்ளது. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல்மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் பூண்டுலோயாவை அடுத்த டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினர். வழக்கமான பற்சிகிச்சை எதுவும் பெற்றிராத அவர்களிடம் ஈறுநோய் இயல்பாக எவ்வாறு வளர்கின்றது என்று அறிவதே நோக்கம். 1986இல் வெளிவந்த முடிவின்படி, அவர்களுள் நூற்றுக்கு 8 பேரிடம் நோய் விரைந்து பரவியது. 81 பேரிடம் மிதமாக வளர்ந்தது. 11 பேரிடம் ஈறு வீக்கத்தைத் தாண்டி வளரவே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், முதற்குழுவினருள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர்.

இந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது அளந்த முறை. பல்லைப் பற்றியிருக்கும் இழையம் எவ்வளவு கீழிறங்கிற்று என்று அறிய ஈற்றின் விளிம்பிலிருந்து அளத்தல் ஆகாது. நோயால் ஈறு வீங்கினால் விளிம்பு மேலேறும், தேய்ந்தால் கீழிறங்கும். எனவே, பல்லின் மிளிரி முடிந்து வேர் தொடங்கும் எல்லைக்கோட்டிலிருந்து அளந்தனர். ஈறு எங்கே நகர்ந்தாலும் அக்கோடு நகர்வதில்லை. எதை நோய் அசைக்குமோ அதை அளவுகோலாகக் கொள்ளாதே என்பதே இதில் அடங்கிய நெறி.

இனிச் சுரப்பிக்கு வருவோம். அங்கே ஈற்றைப்போல் கோலை வைத்து அளக்க இயலாது. கலங்கள் என்ன செய்கின்றன என்பதை அவற்றின் பரம்பரையலகுகளே, அதாவது மரபணுக்களே, காட்டும். ஒரு பரம்பரையலகு வேலை செய்யும்போது தன் செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதி அனுப்புகின்றது. படிகள் பல என்றால் வேலை மும்முரம். சில என்றால் மந்தம். இப்படிகளை முதலில் டி.என்.ஏ.யாக மாற்றி, பின் பெருக்கி எண்ணுகின்றார்கள். டி.என்.ஏ.யைப் பெருக்கும் அம்முறையை 1983இல் கண்டவர் அமெரிக்கரான கேரி முல்லிஸ். 1993இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் ஒரு மாதிரியில் இழையம் சற்றுக் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருக்கலாம், ஆர்.என்.ஏ. சிதைந்தும் போகலாம். ஆகவே, எந்நிலையிலும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று கருதப்படும் ஒரு பரம்பரையலகைத் துணைக்கழைத்து, அதனோடு ஒப்பிட்டே மற்றவற்றை மதிப்பிடுகின்றனர். அதுவே ஒப்பீட்டுப் பரம்பரையலகு, ஆய்வுகூடத்தின் எடைக்கல்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நாம் ஆராயும் பரம்பரையலகு நலமான சுரப்பியில் 400 என்றும், வளரும் சுரப்பியில் 800 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். ஒப்பீட்டுக்குரியது இரண்டிலும் 100 என்றே நின்றால், வேலை இரு மடங்காயிற்று என்பது மெய். ஆனால் வளர்ச்சியால் ஒப்பீட்டுக்குரியதும் 200 ஆகிவிட்டால்? நான்குக்கு நான்கு; மாற்றமே இல்லை என்ற பொய்முடிவு கிட்டும். அது 50 ஆகக் குறைந்தால், 400இலேயே நின்ற ஒன்றும் இரு மடங்கு உயர்ந்ததுபோல் மயக்கும். பயனுள்ள மருந்து வீணென்று தள்ளப்படுவதும், வீணான மருந்து கொண்டாடப்படுவதும் இவ்வாறு நேரக்கூடும்.

நெடுங்காலம் எடைக்கல்லாக எண்ணப்பட்டவை சில. ஜி.ஏ.பி.டி.எச். என்பது அவற்றுள் ஒன்று. அது வெல்லத்தை எரித்துச் சக்தி தரும் நொதியத்துக்குரியது. விரைந்து பெருகும் கலங்களுக்குச் சக்தி மிகுதியாக வேண்டுமல்லவா? பீற்றா அக்டின் மற்றொன்று. அது கலத்தின் வடிவைத் தாங்கும் புரதம். கலம் உருமாறும்போது அதுவும் மாறக்கூடும். 18 எஸ் என்னும் ஆர்.என்.ஏ.யோ கலத்தில் மலைபோல் குவிந்திருப்பது. அதனைக்கொண்டு சிறிய மாற்றத்தை மதிப்பிடுதல், லொறி நிறுக்கும் தராசில் ஒரு பிடிக் கொழுந்தை நிறுப்பது போலாகும்.

சுரப்பியில் இவ்வெச்சரிக்கை இன்னும் இன்றியமையாதது. எலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியின் குழாயைக் கட்டிவிட்டால், உமிழ்நீர் ஊற்றும் கலங்கள் சுருங்கி அழிகின்றன. குழாய்க் கலங்களே மிஞ்சுகின்றன. கட்டை அவிழ்த்தால் சுரப்பி மெல்லத் தளிர்க்கின்றது. நலமான நிலையிலும், கட்டிய நிலையிலும், தளிர்க்கும் நிலையிலும் சுரப்பியில் இருப்பன ஒரே விகிதத்துக் கலங்கள் அல்ல. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வளர்ந்த எலியின் அச்சுரப்பியை எடுத்து, நலம், அழற்சி, தேய்வு, மீள்வளர்ச்சி ஆகிய நான்கு நிலைகளிலும் எவ்வொப்பீட்டுப் பரம்பரையலகுகள் தகும் என்று சோதித்து 2008இல் வெளியிட்டது இதனாலேயே.

மாறாதது எது என்று அறிய, மாறாத வேறொன்று வேண்டுமே என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. இதற்குப் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 2002இல் ஒரு வழி காட்டினர். பல பரம்பரையலகுகளை ஒன்றாக அளந்து, இரண்டிரண்டாக ஒப்பிடுக. இரண்டும் மாறாதவையாயின் அவற்றின் விகிதம் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாகவே நிற்கும். விகிதம் மிகத் தள்ளாடச் செய்வதை நீக்குக, மீண்டும் ஒப்பிடுக. எஞ்சி நிற்பவற்றுள் குறைந்தது மூன்றின் சராசரியை எடைக்கல்லாகக் கொள்க. இரண்டு ஒன்றாகவே ஏறி இறங்கினால் அவையும் நிலையானவைபோல் தோன்றுமாதலால், வெவ்வேறு பணி புரிபவற்றையே சோதனைக்கு எடுத்தல் நன்று. ஒப்பீட்டுப் பரம்பரையலகைத் தேர்ந்த காரணத்தையும் ஆய்வாளர் காட்ட வேண்டும் என்று 2009இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி நெறிகள் வற்புறுத்துகின்றன.

ஓரிடத்தில் தேறிய எடைக்கல் வேறிடத்திலும் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. ஈரலில் நிலையானது சுரப்பியில் தள்ளாடலாம். எலிக்குப் பொருந்தியது மனிதருக்குப் பொருந்தாமற் போகலாம். எனவே ஒவ்வோர் ஆய்விலும் அதனைப் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.

வாடிய சுரப்பியை ஒரு புதிய மருந்து இரு மடங்கு வளர்த்தது என்ற செய்தி நாளை நம் செவிக்கு எட்டலாம். அதனைக் கேட்டு மகிழுமுன், எதனோடு ஒப்பிட்டு இரு மடங்கு என்றும், அந்த எடைக்கல்லைச் சோதித்தவர் யார் என்றும் கேட்க நம் மாணவர் பழக வேண்டும். கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்கும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது புதிய பாடம் அன்று.