எலுமிச்சையில் எவ்வளவு வைட்டமின் சி? கஞ்சியும் அயோடினும் சொல்லும்

இட்லி மேல ஒரு சொட்டு அயோடின் விட்டா கருநீலமாகும். மாவுச்சத்து இருக்குன்னு அர்த்தம். இது பள்ளிக்கூடப் பாடம், எல்லாருக்கும் தெரியும். இதே சோதனையைத் தலைகீழா வைத்தால் வைட்டமின் சி-யை அளக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி.

வைட்டமின் சி அயோடினைக் கண்டவுடனே அதை அயோடைடாக மாற்றிவிடும். அயோடைடுக்குக் கஞ்சியை நீலமாக்கத் தெரியாது. ஆக, சாற்றில் கொஞ்சம் கஞ்சியைக் கலந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வைட்டமின் சி தீரும்வரை நிறம் நிற்காது. தீர்ந்த அடுத்த சொட்டில் நீலம் நிலைத்துவிடும். எத்தனை சொட்டு என்று எண்ணினால் போதும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 5% போவிடோன் அயோடின் கரைசலே போதுமானது. வடிகஞ்சி அரை ஸ்பூன். நல்லா ஆறினதா இருக்கணும், சூட்டில் நீலம் தெரியாது. முதலில் 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதில் 10 மி.லி. எடுத்தால் 5 மி.கி. இருக்கும். 1 மி.லி.க்கு 20 சொட்டு விழுகிற சொட்டானில் இதற்குக் கிட்டத்தட்ட 30 சொட்டு பிடிக்கும். சொட்டானுக்குச் சொட்டான் மாறும், அதனால உங்க எண்ணிக்கையைத்தான் அளவுகோலா வச்சுக்கணும்.

அடுத்து 10 மி.லி. எலுமிச்சைச் சாறு. 24 சொட்டு போச்சுன்னு வைங்க: 24/30 × 5 = 4 மி.கி. அரை மூடியில் 15 மி.லி. சாறு வந்தால் 6 மி.கி. ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. வேணும். ஒரு கிளாஸ் ஜூஸை நம்பி இருக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொய்யாவில் 100 கிராமுக்கே 200 மி.கி. பக்கம் இருக்கு. நம்ம ஊர்ல அதுக்கு ஏன் மவுசு இல்லைன்னு தெரியல.

நெல்லிக்காய்க்கு எண்ணிக்கை கொஞ்சம் கூடவே காட்டும். அதன் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்களும் அயோடினைத் தின்னும்.

பெரிய ஏமாற்று பாட்டில் ஸ்குவாஷில்தான். லேபிளில் 224 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், கெடாமல் இருக்கச் சேர்ப்பது. அதிலிருந்து வரும் சல்பர் டைஆக்சைடும் அயோடினை அயோடைடாக்கும். அதுவும் எடைக்கு எடை பார்த்தால் வேகம் அதிகம்: 1 மி.கி. சல்பர் டைஆக்சைடு 2.75 மி.கி. வைட்டமின் சி மாதிரி வேஷம் போடும். பழச்சாறே இல்லாத ஆரஞ்சு ஸ்குவாஷ்கூட இந்தச் சோதனையில் ஜம்முனு பாஸ் ஆகிவிடும். 224 இருந்தால் அந்த பாட்டிலுக்கு இந்த முறை வேண்டாம்.

அயோடின் விட்ட சாற்றை வாயில் வைக்காதீங்க, சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.