ஒளிராமல் கைமாறும் ஒளி

ஒரு பிடி பாலக்கீரையை உரலில் நசுக்கி, மருந்துக் கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிறிது நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கிடைக்கும் பச்சைச் சாற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அறையை இருட்டாக்குங்கள். கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கிறார்களே, அந்தப் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டிவிட்டு, அதே டார்ச்சை நசுக்காத இலைமேல் அடிப்பேன். சிவப்பே தெரியாது.

"மேடம், அதே பச்சையம்தானே இதுலயும் இருக்கு? இது மட்டும் ஏன் ஒளிரல?" என்று ஒரு மாணவி கேட்டாள். இயற்பியலாளர்கள் பல ஆண்டுகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட கேள்வி இது.

பச்சைய மூலக்கூறு ஒன்று ஒளியை விழுங்கினால், அதன் எலக்ட்ரான் உயர்ந்த நிலைக்குத் தாவுகிறது. அங்கே நெடுநேரம் இருக்க முடியாது. நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். ஸ்பிரிட்டில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகி மிதக்கின்றன. வாங்கியதைக் கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. அதனால் விழுங்கிய ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சிவப்பாக உமிழ்ந்துவிடுகின்றன. இலைக்குள் அப்படி உமிழப்படுவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பெரும்பகுதி பக்கத்து மூலக்கூறுக்கும், அங்கிருந்து அடுத்ததற்குமாகப் போய், ஒளிச்சேர்க்கை தொடங்கும் மையத்தை அடைகிறது.

இப்படி ஏதோ நடக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பாசி. 1932-இல் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் ராபர்ட் எமர்சனும் அவருடைய மாணவர் வில்லியம் அர்னால்டும், குளோரெல்லா என்ற பாசிமீது கண்சிமிட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு குறுகிய ஒளிவீச்சுகளைப் பாய்ச்சி, வெளிவந்த ஆக்சிஜனை அளந்தார்கள். வீச்சை எவ்வளவு கூட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் ஆக்சிஜன் ஏறவில்லை. சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு! அப்படியானால் ஒளியை வாங்குபவை ஆயிரக்கணக்கில், வேலை நடக்கும் இடமோ ஒன்று. நல்ல வெயிலிலும் ஒரு தனிப் பச்சைய மூலக்கூறுக்கு நொடிக்குச் சில ஒளித்துகள்கள்தான் கிட்டும் என்பதால், கூட்டாக வாங்கி ஓரிடத்தில் சேர்ப்பது செடிக்கு லாபம்.

இந்தப் புதிரைத் தூக்கிக்கொண்டு அர்னால்ட் பிற்பாடு போய் நின்றது யாரிடம் தெரியுமா? ராபர்ட் ஓப்பன்ஹைமரிடம். அணுகுண்டுக்கு முந்தைய ஓப்பன்ஹைமர். அணுக்கருவில் தாம் அறிந்திருந்த ஓர் ஆற்றல் மாற்றத்தை நீலப்பச்சைப் பாசிக்குப் பொருத்திப் பார்த்து, 1941-இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். பிறகு போர் வந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய முழுக் கட்டுரை 1950-இல்தான் அச்சேறியது. அதற்குள் ஜெர்மனியில் வேறொருவர் முந்திவிட்டார்.

அவர் தியோடர் ஃபார்ஸ்டர். 1910-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், 23 வயதில் முனைவர். அதே 1933-இல் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். போர்க்காலத்தில், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் போஸ்னான் நகரில் ஜெர்மானியர்கள் நடத்திய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருடைய சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் நாளில் இதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன். இயற்கையைத் துல்லியமாகப் படித்தவர், தம் காலத்து அநியாயத்தோடு ஒட்டி நின்றார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

1946-இலும் 1948-இலும் வெளியான கட்டுரைகளில் அவர் காட்டியது இது: முதல் மூலக்கூறு ஒளியை உமிழ, இரண்டாவது அதைப் பிடித்துக்கொள்கிறது என்பதல்ல. இடையில் ஒளித்துகள் எதுவும் வெளியே வருவதே இல்லை. ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றது தானே அதிர்கிறதல்லவா, அதுபோல முதல் மூலக்கூறின் மின் அதிர்வு இரண்டாவதை நேரடியாக அதிரவைக்கிறது; ஆற்றல் அங்கே போக, முதலாவது அடங்கிவிடுகிறது.

இந்த எண்ணம் ஃபார்ஸ்டருக்கு முன்பே இருந்தது. பிரான்சில் ழான் பெரினும் அவர் மகன் பிரான்சிஸும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் கணக்குப்படி, சோதனையில் கண்டதைவிட மிக அதிகத் தூரத்துக்கு ஆற்றல் தாவ வேண்டும். இரண்டு மூலக்கூறுகளும் பிசிறில்லாமல் சுருதி சேர்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை. கரைசலில் எந்த மூலக்கூறும் ஒரே சுருதியில் நிற்பதில்லை; சுற்றியுள்ளவை இடித்துக்கொண்டே இருப்பதால் அது ஏறி இறங்குகிறது. ஃபார்ஸ்டர் இதைக் கணக்கில் சேர்த்தார். முதல் மூலக்கூறு உமிழும் நிறமாலையும் இரண்டாவது விழுங்கும் நிறமாலையும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று பாருங்கள், தாவும் வேகம் அதிலிருந்து கிடைத்துவிடும் என்றார். அவருடைய பெரிய கொடை இதுதான் என்பது என் எண்ணம். இரண்டு வரைபடங்களும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் எடுக்கக் கூடியவை. குவாண்டம் கோட்பாட்டில் கரை காணாதவரும் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

கணக்கின் மையத்தில் ஓர் ஆறு இருக்கிறது. தாவும் வேகம், தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஒரு ஜோடி மூலக்கூறுகள் 5 நானோமீட்டர் இடைவெளியில் பாதி ஆற்றலைக் கைமாற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 2.5 ஆனால் 98 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். 10 ஆனால் ஒன்றரை சதவீதம்தான் போகும். புரதங்களும் டி.என்.ஏ.வும் புழங்குவது இந்த அளவுக்குள்தான்.

அப்படியென்றால் இதையே அளவுகோலாக்கினால் என்ன? 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் லூபர்ட் ஸ்ட்ரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும் அதைச் செய்தார்கள். புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஒன்று முதல் பன்னிரண்டு வரை கோத்துச் சங்கிலிகள் செய்து, ஒரு முனையில் ஆற்றலைக் கொடுக்கும் மூலக்கூறையும் மறுமுனையில் வாங்கும் மூலக்கூறையும் ஒட்டினார்கள். சங்கிலி நீள நீள ஆற்றல் போவது எப்படிக் குறைகிறது என்று அளந்தபோது கிடைத்த அடுக்கு 5.9. கோட்பாடு சொன்னது 6. கண்ணால் காண முடியாத ஒன்றுக்கு இதைவிட அழகான நிரூபணம் எனக்குத் தெரியாது.

கொரோனா காலத்தில் நம்மில் பலர் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு கொடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். மாதிரிகளில் நடந்ததும் இந்தக் கைமாற்றம்தான். அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்ட முறையில், வைரஸின் மரபுத் தொடரோடு பொருந்தும் ஒரு குட்டி டி.என்.ஏ. துண்டு இருக்கும். அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அதன் ஆற்றலை வாங்கி அணைத்துவிடும் மூலக்கூறு. துண்டு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருப்பதால் சாயம் ஒளிராது. மாதிரியில் வைரஸ் இருந்தால் குட்டித் துண்டு அதன் பிரதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிரதி எடுத்துக்கொண்டே வரும் நொதி, வழியில் குறுக்கிடும் துண்டை வெட்டிவிடும். சாயம் தனியே விலகும். ஆற்றலை வாங்க ஆளில்லாததால் ஒளிரும். பிரதியெடுப்பின் எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி கருவிக்குத் தட்டுப்படுகிறதோ, அதுதான் அறிக்கையில் சி.டி. வேல்யூ என்று அச்சாகி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிரதி இரட்டிப்பதால், 18 என்று வந்த மாதிரிக்கும் 34 என்று வந்த மாதிரிக்கும் இடையே வைரஸின் அளவில் ஏறக்குறைய 65,000 மடங்கு வித்தியாசம்.