குப்பையில் கலை: எந்தக் குப்பையைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, பூச்செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிய ராஃபியா கயிற்றைச் சில மாதங்கள் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெயில் பட்ட பகுதி நார்நாராகப் பிரிந்து விரலில் தூளாக உதிரும். அதே சுருளில் மிஞ்சி அலமாரிக்குள் கிடக்கும் கயிறு உறுதியாகவே இருக்கும்.

இதற்குக் காரணம் என்ன? நெகிழி என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள உயிர்வளியும் சேர்ந்து அச்சங்கிலிகளை அறுக்கின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாக நெகிழி நொறுங்குகிறது. ஆனால், நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. மக்கும் பொருளை நுண்ணுயிர்கள் உண்டு மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. நொறுங்கிய நெகிழியோ அளவில் சிறுத்து அப்படியே இருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளே நுண்நெகிழி.

இப்போது பள்ளி வளாகத்தில் போத்தல்களால் செய்த வேலியையும் மூடிகளால் செய்த பூக்களையும் நினைத்துப் பாருங்கள். குப்பையைக் குறைக்கத்தான் அவற்றைச் செய்கிறோம். வெயிலில் விட்டுவிட்டால் அவையும் மெல்ல நொறுங்கும். பாகான் டத்தோவில் பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மழைநீர் அடித்துச் செல்லும் துகள் கடலைச் சேர இங்கே நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

அப்படியானால் குப்பையில் கலையே செய்யக்கூடாதா? தாராளமாகச் செய்யலாம். இந்தியாவின் சண்டிகர் நகரில் இருக்கும் பாறைத் தோட்டம் அதற்குச் சான்று. அந்நகரைக் கட்டுவதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், அந்த இடிபாடுகளைச் சேகரித்து, 1957-இல் காட்டுப் பகுதி ஒன்றில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். உடைந்த வளையல், பீங்கான், ஓடு ஆகியவையே அவருடைய மூலப்பொருள்கள். ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்துத்தான் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அரசு நிலம் என்பதால் இடிக்கப்படும் நிலை வந்தது. ஆனால், மக்கள் ஆதரவால் தோட்டம் பிழைத்து, 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015-இல் அவர் மறைந்தார். தோட்டம் இன்றும் இருக்கிறது.

கண்ணாடியையும் பீங்கானையும் புற ஊதாக் கதிர் ராஃபியா கயிற்றைப்போல் நொறுக்குவதில்லை. அதனால்தான் அவை வெயிலிலும் மழையிலும் நிலைத்து நிற்கின்றன.

அடுத்த முறை உங்கள் குழு கலைப்படைப்பு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். வெளியில் வைப்பதென்றால் உடைந்த மங்கு, தரை ஓட்டுத் துண்டு, கிளிஞ்சல் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். கூர்மையான விளிம்பைக் கையாளக் கையுறை அணியுங்கள். நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் சிரட்டையும் தேங்காய் மட்டையும் வெளியில் வைக்க ஏற்றவை. காலப்போக்கில் மக்கினாலும் மண்ணுக்குக் கேடில்லை. நெகிழிதான் வேண்டுமென்றால் வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். பசை, சாயம் பூசாமல் நூலால் கட்டுங்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப அது உதவும்.

ஐயம் இருந்தால் நீங்களே சோதியுங்கள். ஒரே அளவில் இரண்டு ராஃபியா துண்டுகளை வெட்டி, ஒன்றை வெயில் படும் சன்னல் கம்பிக்கு வெளியே கட்டுங்கள்; மற்றொன்றை மேசை இழுப்பறைக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை இரண்டையும் இழுத்துப் பார்த்துக் குறித்து வாருங்கள். எந்த மாதத்தில் அறுந்தது என்பதை வகுப்பில் சொல்லுங்கள்.