படகுக்கு ஏற்ற வண்டி

நம் நாட்டுக் கரையோரங்களில் கட்டப்படும் வள்ளங்கள் பெரும்பாலும் கடற்கரையிலேயே பிறந்து, கடற்கரையிலேயே இளைப்பாறி, அங்கேயே முதுமையும் எய்துபவை. நெடுந்தூரத் தரைப்பயணம் அவற்றுக்கு அரிதாகவே வாய்க்கும். இங்கிலாந்திலோ நிலைமை வேறு. கடலிலிருந்து ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்தில், கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் தம் கையாலேயே படகு கட்டுவோர் அங்கே பலர். அவ்வாறு கட்டப்படும் படகு தண்ணீரைக் காணுமுன் தார் றோட்டைக் காண வேண்டியதாகிறது. பின்பும், ஒவ்வொரு முறை நீரில் இறங்குவதற்கும் றோட்டின் வழியாகவே போய்வர வேண்டும். ஒரு கோடைகாலத்தில் அது நீரில் மிதந்து செல்லும் தூரத்தைக் காட்டிலும் வண்டியில் ஏறிச் செல்லும் தூரமே அதிகமாகிவிடுவதும் உண்டு. அலையைத் தாங்குமென்று நம்பிக் கட்டிய படகு றோட்டுப் பள்ளத்திலே பழுதுபட்டுப் போவது இதனாலேதான். குறை பெரும்பாலும் படகில் இல்லை. அது ஏறிச் செல்லும் வண்டியிலே இருக்கிறது.

இதனை விளக்குவதற்கு ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. இலண்டனில் வெளிவரும் ‘டெயிலி மிரர்’ நாளிதழ் ஆதரவளித்து, 1963ஆம் ஆண்டில் மக்கள் முன் வைத்த படகு இது. கொழும்பில் அதே பெயருடன் வெளிவரும் ஆங்கிலப் பத்திரிகையை வாசகர் இங்கே எண்ணிவிடலாகாது. பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலைகளைச் செய்துகாட்டிப் புகழ்பெற்ற பாரி பக்னெல் என்பவரும், பல பாய்ப்படகுகளை வடிவமைத்துப் பழுத்த அனுபவம் பெற்றிருந்த ஜாக் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து இதனை உருவாக்கினர். அளவாக வெட்டிய ஒட்டுப்பலகைகளும் பிறவும் ஒரே கட்டாக 63 பவுண் 11 சிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியவர் பலகைகளின் ஓரங்களைச் செப்புக் கம்பியாலே தைத்து, தையலின்மேல் கண்ணாடிநார்ப் பட்டியைப் பசையிட்டு ஒட்டிவிடுவார். பலகைகளைத் தைத்துப் படகு கட்டுவது இந்துசமுத்திரக் கரைகளுக்குப் புதிதன்று. தென்னங்கயிற்றாலே தைத்த படகுகளை நம் முன்னோர் அறிவர். ஆயினும் மிரர் படகிலே பிடித்து நிற்பது தையலன்று, பசையே. இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றுட் பல வீடுகளிலே உருவானவை.

இப்படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். வெறும் உடலின் பாரம் 100 இறாத்தல், அதாவது 45 கிலோ அளவு. பலகையின் தடிப்போ 5 மில்லிமீற்றர்தான். இதனைக் காரின் கூரைமேலேயே ஏற்றிச் செல்லலாம் என்பது வடிவமைத்தோரின் எண்ணம். பாய்மரமும் அதன்மேல் நீளும் கோலும்கூடப் படகுக்குள்ளேயே அடங்குமாறு அவர்கள் அமைத்திருந்தனர். எனினும், 45 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்திக் கார்க் கூரையில் வைப்பது வாலிபர் இருவருக்குக் கூடுமாயினும், நடுவயதுத் தம்பதியர்க்கு எளிதன்று. காற்றடிக்கும் நாளில் எவர்க்குமே எளிதன்று. ஆகவே இத்தகைய படகுகள் பல, ட்ரெயிலர் எனப்படும் இழுவை வண்டியை நாடலாயின.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். படகைக் கட்டி முடித்தவரின் கையில் பணம் மிஞ்சியிராது. பழைய மோட்டார்ப் படகு ஒன்றின் வண்டி மலிவாகக் கிடைக்கும். 500 கிலோ பாரத்துக்கென அமைந்த வண்டி இந்தச் சிறு படகைத் தாங்காதா என்று கேட்கலாம். தாங்கும், ஆனால் பேணாது. அந்த வண்டியின் வில்லுகள் 500 கிலோ ஏறினால்தான் வளைந்து கொடுப்பவை. அறுபது கிலோவை ஏற்றினால் அவை அசைவதேயில்லை. சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்போது வண்டி முழுவதும் துள்ளுகிறது. படகு தன் இருக்கையை விட்டுக் கிளம்பி மீண்டும் அதன்மேல் விழுகிறது. வெறும் லொறியின் பின்பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. நூறு மைல் தூரம் இவ்வாறு அடிபட்டால் 5 மில்லிமீற்றர்ப் பலகை என்னாகும்? பெரிய வண்டிதான் கிடைத்ததென்றால், அதன் வில்லுத் தகடுகளுள் ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம். ரயரின் காற்றையும், ரயர் செய்தவர் அச்சிறு பாரத்துக்குக் கூறும் அளவுக்குக் குறைக்கலாம். எனினும், தொடக்கத்திலேயே இலேசான வண்டியைத் தேடுவதே புத்தி.

அடுத்து வருவது பாரத்தின் சமநிலை. உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது இதுவாகையால் சற்று விரிவாகவே கூறுவோம். மாட்டு வண்டில் ஓட்டுபவர் மூட்டைகளை அடுக்கும்போது முன்னும் பின்னும் பார்த்துப் பார்த்து அடுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே கிளம்பும். மாட்டின் இடத்திலே காரை வைத்தாலும் விதி அதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெல்ல நடக்கும் வண்டிலிலே பின்பாரம் ஓர் இடைஞ்சல் மாத்திரமே; மணிக்கு 50 மைல் வேகத்திலே அது பேராபத்து. பின்பாரம் மிகுந்த வண்டி பாம்புபோல் இடமும் வலமும் நெளியத் தொடங்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஈற்றில் காரையும் அது தன்னோடு இழுத்துக்கொண்டு புரளும். அவ்வாறு நெளியத் தொடங்கினால் திடீரென்று பிரேக்கை அழுத்துவதோ சுக்கானை எதிர்த்திருப்புவதோ கூடாது. சுக்கானை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லத் தளரவிட வேண்டும்.

படகு வண்டிகளுக்கு, மொத்தப் பாரத்திலே நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை காரின் கொழுவியில் தங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வகுப்பறை வாசனை வீசினாலும் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். வண்டியும் படகும் சேர்ந்து 150 கிலோ. கொழுவியிலிருந்து அச்சு வரை 3 மீற்றர் என்று கொள்வோம். மொத்தப் பாரத்தின் மையம் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னே இருந்தால், 150ஐ 20ஆற் பெருக்கி 300ஆல் வகுக்க வரும் 10 கிலோ கொழுவியில் அமரும். மையம் 15 சென்ரிமீற்றர் முன்னிருந்தால் ஏழரைக் கிலோ. 30 சென்ரிமீற்றர் முன்னிருந்தால் 15 கிலோ. அதாவது குறைந்த எல்லைக்கும் கூடிய எல்லைக்கும் இடையிலுள்ள தூரம் 15 சென்ரிமீற்றரே. ஒரு சாணுக்கும் குறைவு. இதே வண்டியில், 15 கிலோ எடையுள்ள சிறு இயந்திரம் ஒன்றைப் படகின் பின்பலகையில், அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னே, தொங்கவிட்டால் கொழுவியின் பாரம் ஏழரைக் கிலோ குறைந்துவிடும். பத்து இருந்த இடத்திலே இரண்டரைதான் மிஞ்சும். படகு வெறும் கூடை போலக் காட்சியளிப்பதால், உணவுப் பெட்டி, நங்கூரம், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் யாவற்றையும் அதன் பின்பக்கத்திலே போட்டுச் செல்லும் குடும்பங்கள் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்ப்பது நன்று. அவற்றின் இடம் காருக்குள்ளே.

படகின் மையத்தைக் காண்பதற்கு அதனை ஓர் இரும்புக் குழாயின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, தராசுக் கோல்போல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டாற் போதும். கொழுவியின் பாரத்தை அளக்க, குளியலறையில் ஆள் நிறுக்கும் தராசே போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தராசின்மேல் ஒரு கட்டையை வைத்து, கார் கொழுவியின் உயரத்திலே வண்டியின் தலையை அதன்மேல் அமர்த்திப் பார்க்கலாம். பாரம் கூடினாலோ குறைந்தாலோ அச்சை நகர்த்துவது சிறந்த வழி. பல வண்டிகளில் அச்சு, வளைந்த சுரையாணிகளால் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தளர்த்தி முன்னோ பின்னோ தள்ளிவிடலாம். அச்சு ஒட்டப்பட்டிருந்தால், படகின் அணியம் வந்து முட்டும் தூணை நகர்த்திப் படகையே இடம் மாற்ற வேண்டும். நாகம் பூசிய இரும்பிலே தீயால் ஒட்டுவேலை செய்ய முற்படுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாகத்தின் புகை நஞ்சு. பூச்சு எரிந்த இடத்திலே துருவும் விரைவில் ஏறும். ஒட்டுவதைவிடச் சுரையாணியால் இறுக்குவதே மேல்.

கொழுவியைப் பற்றி இன்னொரு சொல். ஐரோப்பாவில் அதன் குண்டு 50 மில்லிமீற்றர். அமெரிக்காவில் 2 அங்குலமே பெருவழக்கு. இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எனினும் 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். ஒன்றுக்குரிய மூடியை மற்றதன்மேல் பலவந்தமாய் அமர்த்துவது ஆபத்து.

இனிப் படகு அமரும் இருக்கைக்கு வருவோம். கடைகளில் விற்கப்படும் வண்டிகள் எல்லாப் படகுக்கும் பொருந்துமாறு றப்பர் உருளைகளோடு வருகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் நன்றாகப் பொருந்துவதில்லை. உருளை, பாரம் முழுவதையும் ஒரு புள்ளியிலே தாங்குவது. அப்புள்ளி ஏராவின் கீழே இருந்தால் தீங்கில்லை; மெல்லிய பலகையின் நடுவே இருந்தால் அங்கே பலகை குழிந்து, பூச்சு வெடித்து, நீர் ஊறும். தண்ணீரிலே கிடக்கும் படகை நீர் எல்லாப் பக்கத்தாலும் ஏந்துகிறது. வண்டியிலே கிடப்பதை இரண்டு மூன்று இடங்களே ஏந்த வேண்டும். அவை எவை என்பதைக் கட்டியவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர். மிரர் படகின் உள்ளே முன்புறத்திலும் பின்புறத்திலும் குறுக்குச் சுவர்கள் உண்டு. பாரத்தைத் தாங்கும் வலிமை அவற்றின் கீழேதான் இருக்கிறது. அவ்விடங்களில் கடின அட்டையை அடிப்பலகையோடு பொருத்திக் கோடிட்டு, அவ்வளைவுக்கு இணங்கத் தடித்த பலகையை வெட்டி, அதன் விளிம்பில் பழைய கம்பளத்தையோ தீயணைப்புப் படையினர் கழித்த குழாய்த் துணியையோ பொதிந்துவிட்டால், அந்தப் படகுக்கென்றே பிறந்த இருக்கை கிடைத்துவிடும். கம்பளத்தை இரும்பாணியால் அறைந்தால் துருவின் கறை படகில் ஏறும்; செப்பாணி நல்லது. கம்பளத்துள் உப்புநீர் தங்குமாதலால், ஒவ்வொரு முறையும் நன்னீரால் அலசுவதும் அவசியம்.

உப்புநீர் செய்யும் பெருங்கேடு வேறோரிடத்தில் உள்ளது. வண்டியின் சில்லுகள் சிறியவை. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1050 தடவை சுழலும். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கார்ச் சில்லோ சுமார் 700 தடவைதான். நெடுந்தூரம் ஓடிவந்த சிறு சில்லின் குடம் சூடேறியிருக்கும். உள்ளேயுள்ள காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்த நிலையிலே வண்டியை நேரே கடலுக்குள் இறக்கினால், காற்றுக் குளிர்ந்து சுருங்கி, கடல்நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கிறீஸ் பாலாய்க் கரைந்துவிடும், பெயரிங் துருப்பிடிக்கும். சில வாரங்களின் பின், எங்கோ ஒரு நடுவழியில், சில்லு இறுகி நின்றுவிடும். இதற்கு ஆங்கிலேயர் கண்ட பரிகாரம் அழகானது. படகு ஓர் இலேசான தள்ளுவண்டியில் அமர்ந்திருக்கும். அந்தத் தள்ளுவண்டி அப்படியே இழுவை வண்டியின்மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் தள்ளுவண்டியை மட்டும் கழற்றி நீருக்குள் உருட்டலாம். அதன் சில்லுகளுக்குப் பெயரிங் இல்லை. ஆகவே உப்பு எதனையும் அரிப்பதில்லை. இழுவை வண்டி கரையிலேயே நனையாமல் நிற்கும். கையாலே தள்ளக்கூடிய சிறு படகுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதே என் எண்ணம். எவ்வாறாயினும், பயணத்தின் இடையில் நிறுத்தும்போதெல்லாம் குடத்தின்மேல் எச்சரிக்கையாகக் கை வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காத சூடு பெயரிங் கெட்டதன் அறிகுறி.

சட்டத்தைப் பொறுத்தவரை, பிரித்தானியாவில் பிரேக் இல்லாத வண்டி மொத்தமாக 750 கிலோவையோ காரின் எடையிற் பாதியையோ, இவற்றுள் எது குறைவோ அதனை மீறலாகாது. மிரர் போன்ற படகுக்கு இது ஒரு பொருட்டன்று. பின்புறத்தில் விளக்குகளும் காரின் இலக்கத் தகடும் வேண்டும். பலர் இவற்றை ஒரே பலகையில் பொருத்திப் படகின் பின்பலகையிலே கட்டிவிடுவர்.

கட்டும் நாடாக்களைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பல்லிட்ட திருகியால் இறுக்கும் நாடாவின் வலிமை பெரிது. மட்டுமிஞ்சி இறுக்கினால் படகின் விளிம்பையே நெரித்துவிடும். விளிம்புக்கும் நாடாவுக்கும் இடையே துணிமெத்தை வைத்து, படகு அசையாத அளவுக்கு மாத்திரம் இறுக்கினாற் போதும். அணியத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒன்றை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால், காற்றிலே அது வீணைத் தந்திபோல் அதிர்ந்து ஒலிப்பதும் நின்றுவிடும்.

மாரிகாலத்தில் வீட்டு முற்றத்திலே நிற்கும் வண்டியை அணியம் உயருமாறு சாய்த்து, நீர் வடியும் துவாரங்களின் அடைப்பான்களைக் கழற்றி வைக்க வேண்டும். மழைநீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. மூடாத படகில் நூறு லீற்றர் தேங்கிவிட்டால், இருக்கையின்மேல் படகின் பாரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் ஏறி நிற்கிறது என்பது பொருள்.