உப்பும் தண்ணீரும் ஒருசந்தியும்: சிறுநீரகம் காப்போம்



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால், எந்த ஆண்டானாலும் இந்த வியாழன் தவக்காலத்துக்குள்தான் வரும். நாவையும் வயிற்றையும் அடக்கப் பழகும் இந்நாள்களில், நமக்குள்ளே ஓய்வில்லாமல் உழைக்கும் இரண்டு உறுப்புகளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே.

திருவிவிலியத்தில் சிறுநீரகத்துக்கு இடம் உண்டா என்று நாம் கேட்கலாம். உண்டு. எபிரேய மொழியில் அதற்குக் 'கிலயோத்' என்று பெயர். திருப்பாடல்களிலும் எரேமியா நூலிலும் கடவுள் மனிதரை ஆராய்ந்து அறிவதைச் சொல்லும் இடங்களில், இதயத்தோடு சேர்த்துச் சிறுநீரகமும் பேசப்படுகிறது. மனச்சான்று குடியிருக்கும் இடம் அதுவென்று அக்கால மக்கள் கருதினார்கள். தமிழில் உள்ளம், உள்ளுணர்வு, உள்ளுறுப்பு என்று பெயர்த்திருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. மனச்சான்றைப் போலவே சிறுநீரகமும் சத்தமில்லாமல்தான் வேலை செய்கிறது. நாம் தொடர்ந்து அசட்டை செய்தால் அதுவும் ஒருநாள் செயலிழந்துவிடுகிறது.

அதன் வேலைதான் என்ன? விலா எலும்புகளுக்குக் கீழே, முதுகெலும்பின் இருபக்கமும், ஆளுக்கொரு கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் வருகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் எண்ணினால் 12 குடம்! அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவோடு சேர்த்துச் சிறுநீராக வெளியேற்றுகிறது. இதோடு முடிந்ததா? இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டுவது, வைட்டமின் டி-யை எலும்புக்குப் பயன்படும்படி மாற்றுவது ஆகியவையும் இதன் பணிகளே.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்புக்குக் கடவுள் தாராளமான கையிருப்பும் கொடுத்திருக்கிறார். ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவரும் மற்றொன்றைக் கொண்டு நன்றாக வாழ்கிறார். ஆனால் இந்தக் கையிருப்பே நம்மை ஏமாற்றியும் விடுகிறது. பாதிக்கு மேல் பழுதான பிறகும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கால் வீங்கி, முகம் உப்பி, சோறு பிடிக்காமல், மூச்சு வாங்கும்போது மருத்துவரிடம் ஓடுகிறோம். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நம் அன்பியங்களில் இப்படி ஒரு குடும்பமாவது இருப்பதை நாம் அறிவோம். வேலை போகிறது, நகை அடகுக்குப் போகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

இந்த நோய்க்கு முதல் காரணம் சர்க்கரை நோய். அடுத்தது இரத்த அழுத்தம். இரண்டுமே அந்த நுண்ணிய வடிகட்டிகளை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சிறுநீரகத்தைக் காப்பது என்பது, முதலாவதாக, சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதுதான். இதற்குத் தனியாக ஒரு பத்தியம் தேவையில்லை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, புகைப்பதை விடுவது, மருத்துவர் எழுதிய மாத்திரையை நாள் தவறாமல் எடுப்பது ஆகியவை போதும்.

அடுத்து உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக ஒரு தேக்கரண்டி. இது குழம்பில் போடும் உப்புக்கு மட்டுமான கணக்கு அன்று. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், சிப்ஸ், பேக்கரி ரொட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று இறைச்சியை ஒதுக்கிவிட்டு, கருவாட்டுக் குழம்பும் இரண்டு அப்பளமும் வைத்துச் சாப்பிட்டால், விதியைக் காப்பாற்றிவிட்டோம், சிறுநீரகத்தைக் காப்பாற்றவில்லை. இந்துப்பு நல்லது என்று சிலர் மாற்றிக்கொள்கிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் அதைத் தொடக்கூடாது. இளநீரும் அவர்களுக்கு அப்படியே.

மூன்றாவது தண்ணீர். எத்தனை லிட்டர் என்று எல்லாருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. வெயிலும் வேலையும் பொறுத்து அது மாறும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று கொள்ளலாம். அடர்ந்த மஞ்சளாக இருந்தால் குறைவு. இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. பீர் குடித்தால் கல் கரையும் என்பது குடிப்பவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அதனால் எந்தக் கல்லும் கரைவதில்லை.

வெயிலில் உழைப்போரை இங்கே சிறப்பாக நினைக்கிறோம். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்களே சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். கடும் வெயிலில் போதிய நீரும் ஓய்வும் நிழலும் இன்றி வேலை செய்வது அங்கே ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நம்மிடையே உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் பங்குமக்களே, தண்ணீரும் நிழலும் நடுவில் சற்று ஓய்வும் கொடுப்பது நாம் செய்யும் தருமம் அன்று. அவர்களுக்கு நாம் கொடுக்கவேண்டிய கடன்.

பெண்கள் படும் துன்பம் வேறு வகை. கடையில் நாள் முழுதும் நிற்கும் பிள்ளைகளும், பேருந்தில் பயணம் செய்வோரும், பள்ளி மாணவியரும், கழிப்பறை இல்லை அல்லது சுத்தமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். இதனால் வரும் கிருமித்தொற்று மேலேறிச் சிறுநீரகத்தையும் தாக்கலாம். நம் ஆலய வளாகத்தின் கழிப்பறை எப்படி இருக்கிறது? திருவிழாவுக்குக் கொடிமரத்தை அலங்கரிக்கும் அதே அக்கறையை அதற்கும் காட்டுவோம்.

நான்காவது, வலி மாத்திரை. இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறோம். ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. காவி உடுத்தி நாள்கணக்கில் நடந்து செல்வோர் ஆயிரமாயிரம் பேர். கால் வலிக்கும்போது மருந்துக் கடையில் நின்று டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு மேலும் நடக்கிறார்கள். வியர்வையில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. அந்நேரத்தில் உடல் தானே சுரக்கும் ஒரு பொருள்தான் சிறுநீரகத்தின் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. வலி மாத்திரை வலியைக் குறைப்பதே அந்தப் பொருளைத் தடுப்பதால்தான். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை விழுந்தால், சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே முடங்கக்கூடும். முதியோருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மூட்டுவலிக்கு ஆண்டுக்கணக்கில் தினம் ஒன்று விழுங்குவோருக்கும் இதே எச்சரிக்கை. நடப்போர் இளவெயிலில் நடக்கட்டும், உச்சிவெயிலில் தங்கட்டும், தாகம் எடுக்குமுன் குடிக்கட்டும், வலி தாங்க முடியாவிட்டால் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும். தாமதமாக வந்த பிள்ளையை அன்னை கடிந்துகொள்ளமாட்டார்.

பெயர் தெரியாத சூரணம், பஸ்பம், அக்கம்பக்கத்தார் சொன்ன சாறு ஆகியவற்றிலும் கவனம் தேவை. சிலவற்றில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளின் மூளையையே பாதிக்கும்.

ஒருசந்தி பற்றியும் சொல்லவேண்டும். 18 வயது நிறைந்தோர் முதல் 59 வயது நிறையும்வரை உள்ளோருக்கே திருச்சபை ஒருசந்தியைக் கடமையாக்குகிறது. நோயாளிகளை அது கட்டுப்படுத்துவதில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் மருந்தையும் உணவையும் விட்டு மயங்கி விழுவதைக் கடவுள் கேட்கவில்லை. அவர் நேரத்துக்கு உண்டு, ஊறுகாயையும் இனிப்பையும் ஒதுக்கினால் அதுவே அவருடைய தவம். அதுபோல, செபக்கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். நோயுற்றவர் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று அது கற்பிக்கிறது. மருத்துவரும் மருந்தும் கடவுளிடமிருந்தே வருவதாகவும் சொல்கிறது. செபம் ஒரு கை என்றால் மருந்து மறு கை.

நிறைவாக, பரிசோதனை. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும், 60 வயதைக் கடந்தவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றைப் பார்த்துவிட வேண்டும்: இரத்த அழுத்தம், சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின். சிறுநீரில் புரதம் கசிவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. நுரை நுரையாகச் சிறுநீர் போனால் அசட்டை வேண்டாம். அந்த நிலையில் கண்டுகொண்டால் நோயின் வேகத்தை வெகுவாகக் குறைக்க மருந்துகள் உண்டு. 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கதவைத் தட்டும் அந்தச் சகோதரியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அன்பார்ந்தவர்களே, இந்தத் தவக்காலத்தில் மூன்று முடிவுகள் எடுப்போம். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்துவிடுவோம். மருத்துவர் எழுதாத வலி மாத்திரையை வாங்கமாட்டோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் வீட்டில் உள்ள பெரியவர்களை ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். தவக்காலத்தில் மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு பங்கை, நம் அன்பியத்தில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவருக்குப் பேருந்துச் செலவுக்காவது கொடுப்போம். முடிந்தால் அவரோடு அந்த நான்கு மணி நேரம் கூடவே இருப்போம்.

நம் உள்ளுறுப்புகளை உருவாக்கிய இறைவன் நம்மை உடல் நலத்தோடும் உள்ள நலத்தோடும் காத்தருள்வாராக. ஆமென்.