பச்சை உப்பு இல்லாத பசுமைப் பட்டாசு!

பேரியம் நைட்ரேட் என்பது ஆய்வுக்கூடத்துப் பெயர். சிவகாசியில் அதற்குப் பெயர் ‘பச்சை உப்பு’. எரியும்போது பச்சை வெளிச்சம் தருவதால் வந்த பெயர் அது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம் என்று குழந்தைகள் ஆசையாகக் கொளுத்தும் ரகங்களில் நெடுங்காலமாக இடம்பிடித்திருந்த மருந்து. வேடிக்கை என்னவென்றால், இன்று ‘பசுமைப் பட்டாசு’ என்று நாம் கேட்டு வாங்குவது இந்தப் பச்சை உப்பு இல்லாத பட்டாசைத்தான்!

காற்று மாசு பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்தது நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளுக்கு வந்து, கடைசியில் நம் வீட்டு வாசலைத் தொட்ட கதை இது. வழியில் எத்தனை குழப்பங்கள்!

மூன்று குழந்தைகள் போட்ட வழக்கு

2015-ம் ஆண்டு. டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளம் குழந்தைகள் சார்பில், அவர்களின் தந்தையர் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். எங்கள் பிள்ளைகள் மூச்சுவிட நல்ல காற்று வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

டெல்லியில் தீபாவளி நேரத்தில் குளிர் தொடங்கிவிடும். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலே கலைந்து போகாது. அண்டை மாநிலங்களில் வைக்கோல் எரிக்கும் புகையும், வாகனப் புகையும், அதன் மேல் பட்டாசுப் புகையும் சேரும். அதிலுள்ள பிஎம் 2.5 எனும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் ஆழம் வரை போய்ப் படியக்கூடியது.

ஒரு பக்கம் சுத்தமான காற்றுக்கான உரிமை, மறுபக்கம் தொழில் செய்யும் உரிமை. இரண்டையும் எடைபோட்ட உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பளித்தது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை. ஆனால், மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்க வேண்டும். பேரியம் உப்புகள் கூடாது. சரவெடி கூடாது. தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம்.

தீர்ப்பில் இருந்தது, கடையில் இல்லை

தீர்ப்பைக் கேட்டு சிவகாசி திகைத்துப்போனது. ‘பசுமைப் பட்டாசு’ என்ற சொல் தீர்ப்பில் இருந்தது. அதை எப்படிச் செய்வது என்ற சூத்திரம் ஆலைகளின் கையில் இல்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் ஊரில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்தவர்களுக்கு அந்த வேலையே கேள்விக்குறியானது.

நேரக் கட்டுப்பாட்டிலும் சிக்கல். வடக்கே தீபாவளி இரவுப் பண்டிகை. நமக்கோ விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் முதல் வெடி! தமிழக அரசு முறையிட்ட பிறகு, மொத்தம் 2 மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வந்தது அப்படித்தான். மாசு பற்றிய ஆய்வு எல்லா ஊருக்கும் பொது. அதை விதியாக எழுதும்போது ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆய்வுக்கூடம் தந்த விடை

நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான ‘நீரி’, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்டவற்றோடு சேர்ந்து புதிய கலவைகளை உருவாக்கியது. நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்குவது ‘ஸ்வாஸ்’. வெடியுப்பும் கந்தகமும் தவிர்த்தது ‘ஸ்டார்’. அலுமினியத்தைக் குறைத்தது ‘சஃபல்’. 2019 அக்டோபரில் பசுமைப் பட்டாசுகள் முறைப்படி அறிமுகமாயின. ஆலைகள் நீரியோடு ஒப்பந்தம் போட்டு, மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்து, சான்றிதழ் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கின. பெட்டியில் பச்சை நிற முத்திரையும் க்யூஆர் கோடும் வந்தன.

பச்சை உப்பின் அளவைக் குறைத்தாவது பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று தொழில்துறை கேட்டுப் பார்த்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் 2025 தீபாவளிக்கு, டெல்லியிலும் பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள் மட்டும் கட்டுப்பாடுகளோடு கதவு திறந்தது.

‘பசுமை’ என்றால் புகையே வராதா?

வரும்! இங்கேதான் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. வழக்கமான பட்டாசைவிடத் துகள் மாசு குறைந்தது 30 சதவிகிதம் குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. மிச்சமுள்ள 70 அப்படியே இருக்கிறது. ‘பசுமைதானே’ என்று இரண்டு மடங்கு வாங்கிக் கொளுத்தினால் 70, 140 ஆகிவிடும். பழைய பட்டாசைவிட அதிகப் புகை!

இன்னொருவருக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. அவர், மருந்து கலக்கும் அறையில் நிற்கும் தொழிலாளி. 30-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட 2012 முதலிப்பட்டி விபத்தை இந்தப் பகுதி மறக்கவில்லை. கலவை மாறும்போது அதைக் கையாளும் பக்குவமும் மாறலாம். எதை எதோடு சேர்க்கக் கூடாது, எது ஈரத்துக்கு ஆகாது என்பது ஆங்கில அறிக்கையில் இருந்து பயனில்லை. அவர் பேசும் தமிழில், அவர் பழகிய ‘பச்சை உப்பு’, ‘வெடியுப்பு’ என்ற பெயர்களிலேயே சொல்லப்பட வேண்டும். ஒரு நாள் கூலியோடு உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பச்சை முத்திரை இருக்கிறதா? க்யூஆர் கோடை மொபைலில் ஸ்கேன் செய்து பாருங்கள். அருகில் நிற்கும் பிள்ளைக்கு, அந்த 30 சதவிகிதக் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். போன வருஷம் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்கினால், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நிம்மதியாக மூச்சு விடுவார்!