சுற்றுலாப் பேருந்தில் இணையம்

கல்விச் சுற்றுலா சென்றாலும் எமிஸ் பதிவுகள் நம்மை விடுவதில்லை. தங்கும் விடுதியில் இலவச வைஃபை என்றதும் கை தானாக அதைத் தொடுகிறது. ஆனால் வைஃபைக்கு யாரும் எந்தப் பெயரையும் வைக்கலாம். விடுதியின் பெயரிலேயே பக்கத்து அறைக்காரர் ஒன்றைத் திறந்துவைத்தால் நமக்கு வேறுபாடு தெரியாது. அவர் காட்டும் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால், மாணவர்களின் விவரங்களும் சேர்ந்து பறிபோகும்.

நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும். தனிச் செலவில்லை, அன்றாட டேட்டாவே ஈடுகொடுக்கும். அமைப்புகளில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 தேர்ந்து, நீண்ட கடவுச்சொல் இடுங்கள். (மாணவர்களுக்குத் தெரிந்தால் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும்!) ஒளிப்படங்களை ஊர் திரும்பிய பின் அனுப்பலாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பதிவேற்ற வேண்டியதை அடிவாரத்திலேயே முடித்து, வழித்தட வரைபடத்தையும் அங்கேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.